நாற்பது நிமிடக் கிட்டார்

எனக்குக் கிட்டார் வாசிக்க வராது. இந்த எளிய உண்மையை நான் ஒப்புக்கொள்ள என் அக்காவின் நிச்சயதார்த்தம் வரை ஆகிவிட்டது.

அப்போது சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. வீடு நாமக்கல் பக்கம். யூடியூப் பார்த்து கிட்டாரில் நாலு கார்டு பழகியிருந்தேன். (அதில் ஒன்று தப்பு என்று பின்னாளில் தெரிந்தது.) அக்காவுக்குத் திருச்செங்கோட்டில் இடம் அமைந்ததும், தட்டு மாற்றும் முன் மண்டபத்தில் ஒலிக்க நானே ஓர் இசை அமைக்கிறேன் என்று அறிவித்தேன். யாரும் கேட்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அதுதான் தவறு.

லேப்டாப்பில் இலவச ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். ஒரு மைக் வாங்கினேன். லீவு போட்டு வீட்டுக்கு வந்து, படுக்கையறைச் சுவரெல்லாம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வேர்க்க விறுவிறுக்க மூன்று நாள் வாசித்தேன். மூன்றாம் நாள் முற்பகல், முதல் முறையாக எங்கும் தடுக்கி விழாமல் மூன்று நிமிடம் முழுதாக வந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது. கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு அக்காவிடம் சொல்ல மாடிக்கு ஓடினேன்.

ரெக்கார்டிங்கை நிறுத்தாமல் ஓடினேன்.

பெருமையடித்து, சாப்பிட்டுத் திரும்பி வந்துதான் நிறுத்தினேன். பாட்டு நாற்பது நிமிடம் என்று காட்டியது. ஃபைலும் கனமாக இருந்தது. தரம் கூடினால் கனமும் கூடும்போல என்று நினைத்தேன். (படித்தவன்தான். பொறியியல்.) முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பதினோரு முறை கேட்டு ரசித்தேன். போதாதென்று எதிரொலி வேண்டிய மட்டும் சேர்த்தேன். கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல கம்பீரமாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று ரேடியோ செட்டுக்காரர் என் பென் டிரைவைச் செருகி, பாட்டைப் போட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார். மேடையில் மாப்பிள்ளையின் பெரியப்பா நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அப்பா இல்லாத மாப்பிள்ளையை வளர்த்தவர் அவர்தான். அவர் தலையசைக்காமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. போர்வெல் போடும் ரிக் லாரி வைத்திருப்பவர். பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஒரு முறைகூடச் சிரித்ததில்லை.

கிட்டார் முடிந்தது. கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். அப்போது ஸ்பீக்கரில் அப்பாவின் குரல், அசரீரிபோல முழங்கியது.

"நிறுத்திட்டானா?"

"நிறுத்திட்டானுங்க," என்றது அம்மாவின் குரல். "மூணு நாளா என்ற காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருந்துச்சு."

மண்டபம் சிரித்தது. வேண்டுமென்றே சேர்த்த நகைச்சுவை என்று நினைத்துவிட்டார்கள்போல. அதையே பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. எங்கள் பீரோ அந்தப் படுக்கையறையில்தான் இருக்கிறது. பட்டுச் சேலை எடுக்க இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். மைக் அவர்கள் முகத்துக்கு நேராக.

"ஏனுங்க, அந்தப் பெரியப்பா எதுக்குங்க சிரிக்கவே மாட்டேங்கறாரு? எது சொன்னாலும் வாய இறுக்கி மூடிக்கறாரு."

நான் ரேடியோ செட்டை நோக்கிப் பாய்ந்தேன். ரெக்கார்டிங் தெரிந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் முன்னால் ஐம்பது குமிழ்கள். ஒன்றைத் திருகினேன். சத்தம் இரண்டு மடங்கானது.

"பல்லு செட்டு லூசா இருக்கும் புள்ள. சிரிச்சா காப்பி டம்ளர்ல வுழுந்துரும்."

தொடர்ந்து அம்மாவின் சிரிப்பு. நான் சேர்த்த எதிரொலியில் அது போய்ப் போய்த் திரும்பி வந்தது. கையில் கிடைத்த ஒயரையெல்லாம் பிடுங்கினேன். சிரிப்பு நின்றது. சீரியல் பல்புகளும் நின்றன.

அப்பா திடீரென்று பந்தல் பூக்களை எண்ண ஆரம்பித்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதி செத்தேன். தட்டு இன்னும் மாறவில்லை.

பெரியப்பா எழுந்தார். மைக்கைக் கேட்டார். பென் டிரைவை உருவிவிட்டு, பிடுங்கிய ஒயரில் ஒன்றைத் திரும்பச் செருகினேன்.

"சம்பந்தி சொன்னது தப்புங்க," என்றார். நான் மறுபடி அந்த ஒயரைப் பிடித்தேன். "காப்பி டம்ளர்ல வுழுகலைங்க. பாயசத்துல வுழுந்துச்சு. எந்த ஊட்டு வளைகாப்புன்னு சொல்ல மாட்டேன். அன்னைலிருந்து வாயத் தொறக்கறதுக்கே பயமுங்க. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே, இனி எதுக்குங்க இந்தக் கருமம்?"

பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பொக்கை வாய் நிறையச் சிரித்தார். "தத்த மாத்துங்க சாமி," என்றார், தட்டைத்தான்.

தட்டு மாற்றினோம்.

அக்காவின் புகுந்த வீட்டில் பெரியப்பாவுக்கு இப்போது புது செட். இறுக்கமானது. ஓயாமல் சிரிக்கிறார். நான் போனால் மட்டும், "வா சாமி" என்று கையை நீட்டி, முதல் வேலையாக என் ஃபோனை வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடுகிறார். பிறகுதான் ஊர்க்கதை ஆரம்பிக்கும்.

கதை திருச்செங்கோட்டோடு நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஆத்தூரில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெரியவர்கள் எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி வெளியே போனார்கள். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், என் சட்டைப் பையைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"இப்ப எதுவும் ரெக்கார்டு ஆகலையே?"

"இல்லை," என்றேன்.

"அப்ப சொல்றேன். உங்க ஃபோட்டோ எனக்குச் சுத்தமா புடிக்கல. நேர்ல பரவால்ல."

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இன்றும் என்னைத் திட்டத் தொடங்கும் முன் அதே கேள்வியைக் கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறாள்.