பத்துமலை மொட்டையும் என் பின்மண்டைக் கட்டியும்

முதலில் தப்பு செய்தவன் பக்கத்து வீட்டுப் பக்கிரிசாமி. மலேசியாவில், கிளாங் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பின்மண்டைக் கட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இன்னொரு தலை வளருது. அதுக்கும் ஒரு இலை போடச் சொல்லவா?" என்றான். பந்தியே சிரித்தது. பாயாசம் ஊற்றியவன் சிரித்த சிரிப்பில் பாதிப் பாயாசம் என் வேட்டிக்கு வந்தது.

அன்றே முடிவெடுத்தேன். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை கட்டியை எடுக்க மாட்டேன். எடுத்தால், அவன் சொல்லித்தான் எடுத்தேன் என்றாகிவிடும்.

நான்கு வருஷம். கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. ஒருக்களித்தே தூங்கினேன். கேன்சரோ என்ற பயமும் கூடவே படுத்தது. கத்தி பயம் அதைவிடப் பெரியது. இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

"எப்பதாங்க எடுப்பீங்க?" என்றாள் மனைவி கிருஷ்ணம்மாள்.

"தீபாவளி போகட்டும்."

"போயிருச்சு."

"கிறிஸ்மஸ் வருது. டாக்டரு லீவுல போயிருவாரு."

"அப்புறம் சீனப் பெருநாளு, நோன்புப் பெருநாளு... இந்த நாட்டுல லீவுக்கா பஞ்சம்? சரி, விடுங்க லா. தைப்பூசத்துக்கு உங்களுக்கு மொட்டை போடுறதா முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

"பத்துமலையிலயா?"

"பின்ன, மீன் பாசார்லயா?"

பத்துமலையில் மொட்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தலைக்கு மூன்று நிமிஷம். மேடு வந்தால் கத்தி நிற்காது.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் நானே போய் நின்றேன்.

"எப்ப எடுக்கலாம் அங்கிள்?" டாக்டர் கேட்டார்.

"இப்பவே!"

மரத்துப்போக ஊசி. அரை மணி நேரம். ஆறு தையல். "சாதாரணக் கட்டிதான்" என்றார் டாக்டர். பத்து நாள் கழித்து வந்த பரிசோதனையும் அதையே சொன்னது. அன்று மத்தியானம் மல்லாந்து படுத்தேன். எங்கள் வீட்டு மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தைப்பூசத்தன்று துண்டோடு கிளம்பி நின்றேன்.

"துண்டு எதுக்குங்க?"

"மொட்டைக்கு!"

"தையல் போட்ட தலையிலயா? அது உங்களுக்கு இல்லங்க. உங்க கட்டி நல்லபடியா போகணும்னு வேற ஒருத்தர் தனக்கு வேண்டிக்கிட்ட மொட்டை. உங்களுக்குன்னு நான்தான் பொய் சொன்னேன். இல்லாட்டி கிளினிக்குக்குப் போயிருப்பீங்களா?"

"யாரு அந்த ஒருத்தர்?"

வாசலில் கார் வந்து நின்றது. தலை நிறையச் சந்தனத்தோடு இறங்கினான் பக்கிரிசாமி.

"விடியக்காலையிலயே முடிச்சிட்டேண்ணே. தடவிப் பாருங்க, எங்கயும் மேடு இல்ல."

தடவிப் பார்த்தேன். மேடு இல்லைதான்.

ஆனால் மொட்டை வேறு, மன்னிப்பு வேறு. அதை அவன் இன்னும் கேட்கவில்லை.