நான் கடலுக்குப் போகாமல் தடுக்கவும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இதை எழுதும் நிமிடம் வரை நான் நலம். அடுத்த மாதம் எட்டாம் தேதிக்கு மேல் உத்தரவாதமில்லை. தாங்களும் தங்கள் மருந்துக்கடையும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

என் சலூனில் உட்காருகிறவர்களிடம் பதினாறு வருடமாக ஒரே வசனம்தான் பேசி வருகிறேன். "பாய்மரப் படகுல சமுத்திரத்தையே தாண்டிடுவேன், வீட்டுலதான் விடமாட்டாங்க!" கழுத்தில் துணி கட்டியவன் எழுந்து ஓடவா முடியும், தலையாட்டுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் தங்கையோடு ஏரியில் படகு விடுவதைத் தவிர (அதிலும் சுக்கான் அவள் கையில்) நான் அறிந்த தண்ணீரெல்லாம் தலைக்குத் தெளிக்கிற தண்ணீர்தான். போன மாதம் முகம் முழுக்க நுரையோடு அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் படகுக் கழகத்தின் செயலாளர் என்று எனக்கென்ன தெரியும்! மறுநாளே கடல் பந்தய விண்ணப்பத்தோடு வந்து நின்றார். நெருங்கிய உறவினர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அவள் போடவே மாட்டாள் என்ற தைரியத்தில் நீட்டினேன். அடுப்பை அணைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, போட்டுவிட்டாள் மச்சான்! "என்னாலதான் உங்க ஆசை கெட்டுச்சுன்னு ஊர் பூரா சொல்றீங்களாமே. போயிட்டு வாங்க"ங்கறா.

மூவாயிரம் மைல் மச்சான்! இருபத்தெட்டு நாள்! நான் தூங்கறப்ப யாரு ஓட்டுவாங்கன்னு செயலாளரைக் கேட்டா, "காத்து பாத்துக்கும்"ங்கறார். இடுப்புல கயிறு கட்டிக்கணுமாம், விழுந்தா அதைப் பிடிச்சு நாமளே ஏறிக்கணுமாம். கத்தியை எடுத்தாலே கடல் ஞாபகம்தான் வருது, நேத்து ஒருத்தர் பாதி மீசையோட போனார். வழியனுப்பத் தெருவே வருதாம். வெட்கத்தை விட்டுச் சொல்றேன், செத்துடுவேனோன்னு பயமா இருக்கு. இதை யாருகிட்ட சொல்ல? நீங்கதான் உடனே கிளம்பி வந்து, வாசல்லயே நின்னு, "என் தங்கச்சி புருஷனைக் கடலுக்கு அனுப்பமாட்டேன்"னு நாலு பேருக்குக் கேக்கறாப்ல கத்தணும். நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். அதை நம்பிடாதீங்க.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கரையிலேயே காலந்தள்ள விரும்பும்
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். திட்டவில்லை. "பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்க கடையைப் பாருங்க, நான் போறேன். எனக்கும் ரொம்ப வருஷமா ஆசைதான். யாரும் கேக்கல" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை மச்சான். நடுக்கடலில் அவள் தனியாக இருக்க, நான் இங்கே கத்தரிக்கோலும் கையுமாக நிற்பதை நினைத்தால், இதுவரை பட்டதெல்லாம் ஒரு பயமே இல்லை. படகுக்கு இரண்டு பேர் போகலாமாம். புது விண்ணப்பம் வாங்கி, அவள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தாங்கள் வந்து கத்த வேண்டாம். வாந்தி மாத்திரை மட்டும் அனுப்பவும். அவளுக்குத் தேவையில்லையாம், எனக்கு இருபத்தெட்டு நாளைக்கு.