வெள்ளி டாலருக்கு மார்க் போட்ட தேவாங்கு

ஒரு காட்டில் எல்லாவற்றுக்கும் எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த எழுபது, அமெரிக்காக்காரன் பழைய காசுக்கு வைத்த கணக்காம். அவன் காசோடு நிறுத்திக்கொண்டான். நம் காட்டு ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு தேனுக்கு எழுபது, மான்கொம்புக்கு எழுபது, மயில் உதிர்த்த இறகுக்கும் எழுபது என்று போட்டுவிட்டார்கள். நூறு என்று வைத்தால் எல்லாருக்கும் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் ஆபீஸ் எதற்கு?

அந்தக் காட்டில் மாடத்தி என்று ஒரு அழுங்கு இருந்தாள். அழுங்கு தெரியுமில்லையா? உடம்பெல்லாம் செதில், முழ நீளத்துக்கு நாக்கு, சாப்பாடு எறும்பும் கறையானும். வாயில் ஒரு பல் கிடையாது, அதனால் வம்பு வழக்குக்குப் போகாது. பயந்துவிட்டால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த சண்டை.

மாடத்திக்கு ஒரு பிள்ளை. வாலில் உட்காரவைத்துக்கொண்டுதான் எங்கேயும் போவாள். அவள் வளை ஓடைக்கரையில் இருந்தது. ஐப்பசி வந்தால் ஓடை நேராக வளைக்குள் வந்துவிடும். போன வருஷம் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு வேரைப் பற்றிய கையோடு மூன்று நாள் கிடந்தாள். இந்த வருஷம் பிள்ளை கனத்துவிட்டது. தூக்க முடியாது. மழைக்கு இன்னும் பத்தே நாள்.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் கறையான் புற்றைத் தோண்டினாள். நகத்தில் ணங்கென்று ஏதோ பட்டது. எடுத்துப் பார்த்தால் வெள்ளிக்காசு. ஒரு பக்கம் ஒரு அம்மா முடியை விரித்துப்போட்டுக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள், சுற்றிலும் நட்சத்திரம். மறுபக்கம் சோறு கண்டு நாளான மாதிரி ஒரு பருந்து. கறையான் புற்றுக்குள் அந்தக் காசு எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். கறையான் எங்கேதான் போகவில்லை.

மாடத்தி நேரே மேட்டுப்பாறைக்குப் போனாள். அங்கே கருத்தையா என்று ஒரு கரடி. அவருக்கு இரண்டு குகை. ஒன்றில் அவர் தூங்குவார், இன்னொன்றில் அவர் சேர்த்துவைத்த பழைய காசுகள் தூங்கும். எந்த மழைக்கும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது.

கருத்தையா காசை வாங்கி வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எங்கன எடுத்த?"

"புத்துக்குள்ள, அண்ணாச்சி."

"ஆயிரத்து எழுநூத்தி தொண்ணூத்தஞ்சு. அமெரிக்காக்காரன் டாலர் அடிக்க ஆரம்பிச்ச மறுவருசம்."

"குறுக்க கோடு கோடா கெடக்கே அண்ணாச்சி, என் நகம் பட்டுருச்சோ?"

"உன் நகம் இல்ல. அப்பல்லாம் வெள்ளித் தகடு எடை கூடிப்போச்சுன்னா, அச்சு அடிக்கிறதுக்கு முன்னாலயே அரத்த வச்சு ராவிருவாங்க. அந்த ராவுன தடம் இது. பொறக்கும்போதே இருக்கிற மச்சம் மாதிரி. பருந்து நெஞ்சு தட்டையா இருக்கு பாரு, அதுவும் தேஞ்சதில்ல. அச்சு சரியா அமுங்கல. நல்ல காசு மாடத்தி. என் கணக்குக்கு அம்பது தேறும்."

"அப்ப இந்தக் காச வச்சுக்கிட்டு காசு கெடக்கிற குகைய எனக்கு விட்ருவீகளா?"

"ஆபீசுல நாப்பதுக்கு மேல மார்க் போட்ட சீட்டு வாங்கிட்டு வா. குகை உனக்கு."

"இப்பத்தான அம்பதுன்னு சொன்னீக."

"எனக்குக் காசப் பத்தித் தெரியும், அதனால நான் சொன்னா செல்லாது. சீட்டு குடுக்கிறவுக சொன்னாத்தான் செல்லும்."

மாடத்தி கொஞ்சம் யோசித்தாள். "புளி போட்டு நல்லாத் தேச்சுக் கொண்டு போகவா? பளபளன்னு இருக்குமே."

கருத்தையா காசை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். "இந்தக் கறுப்பு எறநூறு வருசமா ஏறினது. ஒரு தேய்ப்புல அம்புட்டும் போயிரும். புளி இருக்கிற பக்கமே போகாத, தாயி."

தரச்சான்று அலுவலகம் ஒரு நாவல் மரத்தடியில் இருந்தது. வாசலில் சுடலை என்று ஒரு மந்தி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். ஃபார்மும் அவன்தான் நிரப்புவான்.

"காசோட தகப்பன் பேரு?"

"காசுக்கு ஏது தம்பி தகப்பன்?"

"கட்டம் காலியா இருந்தா உள்ள வாங்கமாட்டாங்கக்கா."

"அமெரிக்கான்னு போடு."

"தகப்பன் அமெரிக்கா. தாயார்?"

"முன்னாடி முடிய விரிச்சிட்டு இருக்காளே, அவதான்."

"சரி. ஃபோட்டோ ரெண்டு வேணும். காது தெரியணும்."

"முடி மறைக்குதே."

"முடிய ஒதுக்கிட்டு எடுத்துட்டு வாங்க. அடுத்து."

பின்னால் நின்ற மிளா மான் மெதுவாகச் சொன்னது: "எனக்குக் கொம்பு ஃபோட்டோவுக்குள்ள அடங்கலன்னு மூணு தடவ திருப்பி அனுப்பினான். நாலாவது தடவ என்ன பண்றதுன்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்."

மாடத்தியும் புரிந்துகொண்டாள். ஒரு சீப்பு மலைவாழை வந்து சேர்ந்ததும் சுடலைக்குக் காது நன்றாகத் தெரிந்தது. இதற்குள் ஏழு நாள் ஓடிவிட்டது. மேற்கே மலை உச்சியில் மேகம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் உள்ளே கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பாறைதான் மேஜை. அதன் மேல் கண்ணாயிரம் சார் உட்கார்ந்திருந்தார். அவர் தேவாங்கு. முகத்தில் பாதி கண். இருட்டில் எதிர்மரத்துப் பூச்சிக்கு மீசை நீளமா குட்டையா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்காகத்தான் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். ஆனால் ஆபீஸ் நேரம் பத்திலிருந்து ஐந்து. பகலில் தேவாங்குக்குக் கண் கூசும், ஒன்றும் தெரியாது. நேரத்தை மாற்றச் சொல்லி அவர் எழுதவில்லை, அவரை மாற்றச் சொல்லி யாரும் எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவியும் மூக்கால் முகர்ந்தும் பன்னிரண்டு வருஷமாக மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

காசைத் தடவினார். "சொரசொரன்னு இருக்கே. கீறல்."

"அது பொறவியிலயே உள்ளது சார். எடை கூடுதலா இருந்தா அரத்தால ராவி..."

"நீ படிச்சவளா?"

"இல்ல சார்."

"அப்ப கேளு. கீறல்னா கீறல். எப்ப விழுந்துதுன்னு விசாரிக்க இது போலீஸ் ஸ்டேஷன் இல்ல." காசைத் திருப்பினார். "பருந்துக்கு நெஞ்சே இல்ல. தேஞ்சு போச்சு."

"தேயல சார், அச்சு அமுங்கல. கரடி அண்ணாச்சி சொன்னாரு."

"கரடி சீட்டு குடுக்கிறாரா?"

"இல்ல சார்."

"பின்ன? பன்னெண்டு."

மாடத்திக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. பன்னிரண்டு என்றால் குகை இல்லை. குகை இல்லையென்றால் ஓடை. அவள் வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"மறுமதிப்பீடு கேக்கலாம்ல, சார்?"

"தாராளமா. அதையும் நான்தான் பாப்பேன். சுடலை, மறுமதிப்பீட்டு ஃபார்ம் எடு. பொருள மேஜையில வையி."

மாடத்தி காசை மேஜையில் வைத்தாள். அந்த ராவின தடத்தை அவர் விரலைப் பிடித்துக் காட்டிவிடலாம் என்று, பிள்ளையோடு மேஜை மேலேயே ஏறினாள். அதற்குள் கண்ணாயிரம் சார் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, ஃபார்ம் மேல் ஓங்கி ஒரு குத்து குத்தினார். ஆபீஸ் வேலையில் அவர் பலத்தைக் காட்டும் இடம் அது ஒன்றுதான்.

அந்தச் சத்தத்தில் மாடத்தி பிள்ளையை வயிற்றுக்குள் அணைத்துக்கொண்டு அப்படியே சுருண்டுவிட்டாள். சுருளும்போது வால் காசைத் தட்டியது. காசு உருண்டு பாறை வெடிப்புக்குள் விழுந்து, கீழே எங்கேயோ போய்விட்டது. மேஜை மேல் மிஞ்சியது உருண்டையாக ஒரு அழுங்கு.

சுடலை பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் வேலை டோக்கன் கொடுப்பது. மேஜைக்கு மேலே நடப்பது அவன் செக்‌ஷன் இல்லை.

கண்ணாயிரம் சார் கையை நீட்டித் தடவினார். தடவிக்கொண்டே உருண்டை மேலேயே ஏறினார்.

"சுடலை, இது முன்னைக்குப் பெரிசா இருக்கே."

"மறுமதிப்பீட்டுல எல்லாம் கொஞ்சம் கூடும் சார்."

"வாஸ்தவம்." விரல் செதில் செதிலாக இறங்கியது. "அடடே. முடி ஒவ்வொரு இழையா எழும்பி நிக்குது. மொதல்ல எப்படி விட்டேன் இத? ஓரம் முழுசா இருக்கு. நல்ல கனம், கலப்படம் இல்லாத வெள்ளி." மூக்கை வைத்து இழுத்தார். "மண் வாசம் அப்படியே இருக்கு. புளி படல, சாம்பல் படல. யாரும் கை வைக்காத சரக்கு." காதை வைத்துப் பார்த்தார், பிறகு கன்னத்தை வைத்தார். "சுடலை, இன்னும் சூடா இருக்குப்பா. அச்சுலருந்து எறக்கின சூடு. எறநூறு வருசமா ஆறல."

"எழுதட்டுமா சார்?"

"எழுது. அறுபத்தி மூணு."

உள்ளே சுருண்டிருந்த மாடத்திக்கு எல்லாம் கேட்டது. விரிந்து எழுந்து, சார், நான் மாடத்தி என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. சொன்னால் அவள் நல்லவள். காசும் போய், சீட்டும் போய், ஓடைக்குள் நல்லவள். வயிற்றுக்குள் பிள்ளை மூச்சு விட்டது. வெளியே முதல் இடி இடித்தது. மாடத்தி இன்னும் கொஞ்சம் இறுக்கமாகச் சுருண்டுகொண்டாள்.

சான்று கொடுத்த பொருளைப் பெட்டியில் போட்டு மூடி சீல் வைக்கவேண்டும் என்பது விதி. அந்த அளவுக்குப் பெட்டி இல்லை. சுற்றுலா வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக் கூடை ஒன்று கிடந்தது. அதற்கு மூடி கிடையாது. மூடி சீல் வைக்கப்பட்டது என்று சீட்டில் எழுதி, சீட்டைக் கூடையில் ஒட்டினார்கள். ஃபார்மில் இருந்த விலாசப்படி இரண்டு மந்திகள் மூச்சுவாங்கச் சுமந்துகொண்டுபோய் மேட்டுப்பாறையில் இறக்கின.

கருத்தையா கூடைக்குள் பார்த்தார். மந்திகள் மேட்டை விட்டு இறங்கியதும் குனிந்தார்.

"மாடத்தி."

உருண்டை இன்னும் இறுகியது.

"மாடத்தி, மூச்சு விடுறது தெரியுது."

"அண்ணாச்சி, சீட்டப் பாருங்க," என்றது உருண்டை.

கருத்தையா சீட்டை எடுத்துப் படித்தார். அமெரிக்க வெள்ளி டாலர், ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து, தரம் எழுபதுக்கு அறுபத்து மூன்று. இன்னொரு முறை படித்தார். அவரிடம் இருந்த காசிலேயே உசத்தியானது நாற்பத்தைந்து. ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற காட்டுப்பன்றி வேலுச்சாமியிடம் இருந்த காசுக்கு வெறும் பத்து மார்க். அறுபதுக்கு மேல் அந்த மலையிலேயே யாரிடமும் இல்லை.

"நெசக் காசு எங்கட்டி?"

"அது பன்னெண்டு, அண்ணாச்சி. போயிருச்சு."

"அது அம்பது."

"நீங்க சொன்னா செல்லுமா?"

கருத்தையா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். காசு பார்த்துப் பழகின கண். எதிரே இருப்பது அழுங்கு என்று அந்தக் கண்ணுக்குச் சந்தேகமே இல்லை. கையில் இருக்கிற சீட்டுக்கும் சந்தேகம் இல்லை. ஒரு கை தேன் நக்கித் தீர்க்கிற நேரம் யோசித்தார்.

"உன்ன அழுங்குன்னு சொன்னா எங்கிட்ட ஒண்ணும் இல்ல. டாலர்னு சொன்னா இந்த மலையில எங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"ஆமாண்ணாச்சி."

"குகை மாடத்திக்கு. டாலர் எனக்கு. டாலர் அந்தக் குகையிலதான் இருக்கும். சரியா?"

"சரி அண்ணாச்சி."

கூடைக்குள்ளிருந்து இன்னொரு சின்ன மூக்கு எட்டிப் பார்த்தது.

"இதென்ன?"

"சில்லற," என்றாள் மாடத்தி.

இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஓடை வளைக்குள் போய், வளையையே தோண்டி எடுத்துக்கொண்டு போனது. மாடத்தியும் பிள்ளையும் மேட்டுக் குகையில் காய்ந்த சருகு மேல் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். ஒரே ஒரு தொந்தரவு. காலையில் எறும்பு தேடிப் போகும்போதெல்லாம் கருத்தையா பின்னாலேயே வருவார்.

"பாறையில ஒரசாத. புழங்கின காசுக்கு அறுபது கெடையாது."

"வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல அண்ணாச்சி."

"இருக்கட்டும். சத்தமில்லாம சாப்பிட்டுட்டு வா. பதினோரு மணிக்குப் பார்க்க வாராக."

பார்க்க ஊரே வந்தது. ஒருநாள் வேலுச்சாமியும் வந்தார். வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார் அவர். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் அண்ணாச்சி, இது மூச்சு விடுதே?"

கருத்தையா அசரவில்லை. "அறுபதுக்கு மேல போனா எல்லாம் மூச்சு விடும். உங்க வீட்டுல இருக்கிறது பத்து. அதான் செத்துக் கெடக்கு."

வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். தன் காசை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். பொழுது சாய்கிற வரை வைத்துப் பார்த்தார். பிறகு அதற்குக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சினார்.

நீதி: தரம் கேட்டு ஆபீசுக்குப் போகிறவர்கள் பொருளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும். நிமிர்ந்து நின்று நியாயம் பேசினால் பன்னிரண்டு. மேஜை மேல் சுருண்டு படுத்தால் அறுபத்து மூன்று.