கேரியர் ஒன்று, கைக்குழந்தை ஒன்று

கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாய்மார்களின் நலனை முன்னிட்டு, அந்த விமான நிறுவனம் பரந்த மனதுடன் ஒரு சலுகையை அறிவித்திருந்தது. ஜென்சியின் போனுக்கு அது சுத்தத் தமிழிலேயே வந்தது: 'கைக்குழந்தை ஒன்றுக்கு கேரியர் ஒன்று எடைக்கணக்கில் சேராது.'

மலைமேல் அட்டுவம்பட்டி வீட்டில் அந்தச் செய்தியை முதலில் உரக்க வாசித்தவர் ஜென்சியின் அப்பா பரமானந்தம். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீஸில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எழுத்தில் வந்த உத்தரவு எதுவானாலும் எழுந்து நின்று மதிக்கிற ஆள். வாசித்து முடித்ததும் நேரே அடுக்களைக்குப் போனார். பரணில் கிடந்த நாலடுக்கு எவர்சில்வர் கேரியரை இறக்கி, புளி போட்டு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா, அவங்க சொல்ற கேரியர் இது இல்ல. லேக் ரோட்டுல வெள்ளக்காரங்க பிள்ளைய நெஞ்சுல மாட்டிக்கிட்டுப் போவாங்கல்ல, அது."

"அது பேக்கு. இது கேரியர். படிச்ச பிள்ள நீ, கேரியர்னு எழுதிருக்கிறத பேக்குன்னு வாசிக்கலாமா?"

ஜென்சி பெட்டி கட்டப் போனாள். அவளுக்கு இதைவிடப் பெரிய கவலை இருந்தது. புருஷன் ரெக்ஸ் கப்பலில் சமையல்காரன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிளம்பிப் போனவன், அதன் முகத்தை இன்றுவரை போனில்தான் பார்த்திருக்கிறான். கப்பல் மும்பையில் ஒரே ஒரு நாள் நிற்கும். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்து எப்போது பார்ப்பான் என்பது அவனுக்கே தெரியாது.

கேரியரின் அடி அடுக்கில் பிள்ளைக்குக் கேப்பைக்கூழ் ஏறியது. மேல் மூன்று அடுக்கிலும் மாப்பிள்ளைக்குக் கோழி வறுவல் ஏறியது. கைக்குழந்தைக்கான கேரியர் என்பதன் முறையான பொருள் இதுதான் என்று பரமானந்தம் தீர்மானித்திருந்தார்.

பிள்ளையைத் தூக்கிக்கொள்ள மாமியார் கித்தேரியம்மாள் தன்னுடைய பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையைக் கொடுத்தாள். "எம் மவன் நடக்குற வரைக்கும் இதுலதான் கெடந்தான்" என்றாள். ஜென்சி அதைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகச் சுற்றி, பிள்ளையை உள்ளே போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் வெள்ளனே அப்பாவும் அவளும் பிள்ளையோடு பஸ் ஏறினார்கள். மலை இறங்குகிற வளைவுகளில் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். பிள்ளை மட்டும் வத்தலக்குண்டு வரை கண்ணைத் திறக்கவே இல்லை.

விமான நிலைய கவுண்டரில் மகாதேவி என்று சட்டையில் பேர் குத்தியிருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பேபி கேரியர் இருக்கா மேடம்?"

ஜென்சி வாயைத் திறப்பதற்குள் பரமானந்தம் கேரியரை டங்கென்று கவுண்டர்மேல் வைத்தார். "இருக்கும்மா. நல்லா வெளக்கிக் கொண்டாந்திருக்கு."

'கைக்குழந்தை 1, கேரியர் 1' என்று மகாதேவி பதிந்தாள். 'பேபி கேரியர், அனுமதிக்கப்பட்டது' என்ற மஞ்சள் லேபிளை, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கையாலேயே தடவிக் கேரியரின் கைப்பிடியில் ஒட்டினாள். அதற்கப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"உங்க மேல கட்டியிருக்கிறது என்ன மேடம்?"

"சேலைங்க. பிள்ளையத் தூக்குறதுக்கு."

"சேலைன்னா துணி. துணி லக்கேஜ்ல வரும். அவுத்துப் பெட்டியில வையுங்க."

"அவுத்தா பிள்ள விழுந்திருமேங்க!"

"அதுக்குத்தானே மேடம் கேரியர் அலவ் பண்ணியிருக்கோம்?"

விவகாரம் கொள்கை சம்பந்தப்பட்டதாகிவிட்டதால் மேலதிகாரி திருமலைச்சாமி வரவழைக்கப்பட்டார். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேரியரை ஒரு சுற்று வந்தார். அடுக்குகளை எண்ணினார்.

"குழந்தையைச் சுமக்கிற சாதனத்துக்குப் பேர் கேரியர். சிஸ்டம்படி உங்க கேரியர் இது. குழந்தைய இதுல வெச்சிட்டீங்கன்னா உடனே அனுப்பிடலாம்."

"இதுல எப்படி சார் பிள்ள இருக்கும்?"

"எந்த அடுக்குல வைக்கணுங்கிறது பயணியோட சொந்த விருப்பம். நிர்வாகம் அதுல தலையிடாது."

"மூடி போடணுங்களா சார்?" என்று பரமானந்தம் பணிவாகக் கேட்டார்.

"டேக் ஆஃப், லேண்டிங் நேரத்துல மட்டும்."

மும்பை விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்டது. பிள்ளையையும் அப்பாவையும் கேரியரையும் கூட்டிக்கொண்டு மலைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று ஜென்சி கண் கலங்கி நின்றபோது, ஒரு சீமாட்டி பிள்ளையோடு அவளைத் தாண்டிப் போனாள். அவளும் துணியைக் குறுக்காகத்தான் கட்டியிருந்தாள். லேக் ரோட்டுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குமே, அதே துணி. அதன் விலையைப் பார்த்து, இது துணிக்கு மட்டுமா, பிள்ளைக்கும் சேர்த்தா என்று ஜென்சி ஒருநாள் யோசித்ததுண்டு.

"அவங்களும் துணிதானே சார் கட்டியிருக்காங்க?"

"அது துணி இல்ல மேடம், ஆர்கானிக் ராப். லேபிள் இருக்கு பாருங்க."

ஜென்சி கேரியரிலிருந்து மஞ்சள் லேபிளை உரித்து, நெஞ்சுக்கு நேரே சேலைமேல் பளிச்சென்று ஒட்டிக்கொண்டாள்.

திருமலைச்சாமியின் முகம் தெளிந்தது. "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே மேடம், எவ்வளவு டயம் வேஸ்ட்டு!" என்றவர், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு இடிக்குது. லேபிள் ஒட்டின பொருளுக்குள்ள இருக்கிறது அந்தப் பொருளோட சேர்த்தி. கேரியர் ஒண்ணு, சரி. கைக்குழந்தை ஒண்ணு வரணுமே. எங்க?"

சேலைக்குள்ளிருந்து பிள்ளை அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

காலமெல்லாம் ஆபீஸில் கழித்த பரமானந்தத்துக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது. நாலடுக்குக் கேரியரை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"இந்தா இருக்குங்க சார்."

"ஆங். ஒண்ணுக்கு ஒண்ணு. டேலி ஆயிருச்சு. வெரசா போங்க!"

விமானத்தில் பணிப்பெண் கைக்குழந்தைக்கான குட்டி பெல்ட்டைக் கொண்டுவந்து, பரமானந்தத்தின் மடியிலிருந்த கேரியரை அவரோடு சேர்த்துக் கட்டினாள். மேலே ஏறும்போது கேரியரிலிருந்து கூழ் லேசாகக் கசிந்து வேட்டியை நனைத்தது. அவள் காகிதத் துண்டு கொடுத்து, "பேபின்னா அப்படித்தான் சார்" என்று ஆறுதல் சொன்னாள்.

மும்பைத் துறைமுக வாசலில் ரெக்ஸ் ஓடி வந்தான். பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே நின்று, வெட்கமில்லாமல் அழுதான். ஜென்சியும் அழுதாள். பிள்ளை இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தானும் சேர்ந்துகொண்டது. கண்ணைத் துடைத்த பிறகுதான் அவனுக்கு மஞ்சள் லேபிள் தெரிந்தது.

"அட, கம்பெனி ஐட்டமா! நல்லவேள ஜென்சி. எங்கம்மா அதோட பழைய சேலையக் கட்டி அனுப்பிருமோ, கப்பல் பசங்க முன்னாடி மானம் போயிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். எங்க வாங்குன?"

ஜென்சி அப்பாவைப் பார்த்தாள். அவர் கேரியரைப் பார்த்தார்.

"லேக் ரோட்டுல" என்றாள். விலை கேட்டான். கொஞ்சம் கூட்டியே சொன்னாள்.

ரெக்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அங்கேயே அட்டுவம்பட்டிக்கு வீடியோ கால் போட்டு, பிள்ளையையும் லேபிளையும் கிட்டத்தில் காட்டினான். கித்தேரியம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"நல்லாக் கெட்டியாத்தான் இருக்குய்யா. என்ன இருந்தாலும் கம்பெனித் துணி கம்பெனித் துணிதான்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஏத்தா ஜென்சி, நான் குடுத்த சேலைய அங்கன எவர் கண்ணுலயும் காட்டிறாத."