சீவுளியால் சீவிய மீன்

யப்பான் அண்ணை வாயைத் திறந்தால் எது மெய், எது புளுகு என்று பிரித்தறியக்கூடிய மனிதன் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. எண்பத்தைந்தில் ஜெர்மனியில், டுசல்டோர்ப்புக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் ஒரே குசினியில் அவரோடு ஏழு பேர் சமைத்துச் சாப்பிட்டோம். ஏழு பேருக்கும் தலை சுற்றியது.

பத்து வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். யப்பானில், யொக்கோகாமாத் துறைமுகத்தில் கப்பல் நின்ற நாட்களைத் தவிர வேறெதையும் அவர் வாழ்க்கையில் கண்டதாகத் தெரியவில்லை.

"தெருவில இரும்புப் பெட்டி நிக்கும். காசைப் போட்டா கோப்பி தகரப்பேணியில சுடச்சுட விழும்."

"உள்ளுக்கு நிண்டு ஆர் அண்ணை சுடவைக்கிறது?" என்றான் என் அறைத்தோழன் சிவா.

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப எப்பிடிச் சுடும்?"

"அதைத்தான் நானும் பத்து வருசமா யோசிக்கிறன்."

கடைக் கண்ணாடிக்குள் சோறும் இறாலும் மெழுகில் செய்து வைத்திருப்பார்களாம். சந்தையில் முலாம்பழத்துக்குப் பட்டு நாடா கட்டிப் பெட்டியில் வைத்து விற்பார்களாம். நூடில்ஸைச் சத்தம் போடாமல் உறிஞ்சினால் சமைத்தவருக்கு மனம் நொந்துபோகுமாம். இந்தக் கடைசி விதியை அவர் விடுதி ஸ்பகெட்டியிலும் கடைப்பிடித்தார். பொறுப்பாளர் அம்மா மூச்சுத்திணறல் என்று பயந்து தண்ணீரோடு ஓடிவந்தார்.

எல்லாவற்றுக்கும் உச்சம் மீன் கதை.

"மீனை விறகுக்கட்டை மாதிரிக் காயவைச்சு, தச்சன்ர சீவுளியால சீவுவாங்கள். சுருள் சுருளா வரும். சம்பலுக்கு இடிச்சுப் போடுற எங்கட மாசிக் கருவாடுதான், தம்பி! சுடுசோத்தில போட்டா உயிர் வந்த மாதிரி நெளியும்."

சிவா சிரித்த சிரிப்பில் கரண்டி பருப்புக்குள் விழுந்து அமிழ்ந்துபோனது.

இப்படி இருக்கையில் அண்ணைக்கு அகதி விசாரணைக்கு டெர்மின், அதாவது நாள் குறித்த கடிதம், வந்தது. இத்தனை வருடம் எங்கே இருந்தீர் என்று கேட்பார்கள். கப்பல் என்பதுதான் பதில். அதற்குச் சாட்சியான கப்பல் பதிவுப் புத்தகமோ எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீட்டோடு எரிந்து போயிருந்தது. நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாக்குமூலத்தை ஜெர்மனில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் முதல் வேலையாக யப்பானை வெட்டி எறிந்தேன்.

"அண்ணை, கப்பல் எண்டு மட்டும் சொல்லுங்கோ. மீன் கதையை எடுத்தியளெண்டா முழுக்கப் புளுகெண்டுதான் நினைப்பாங்கள்."

"அப்ப நீயும் நம்பேல்லையோ?"

"நம்புறது வேற, அதிகாரிக்குச் சொல்லுறது வேற" என்று மழுப்பினேன்.

அதற்குப் பிறகு அவர் ஸ்பகெட்டியைக்கூடச் சத்தமில்லாமல் தின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன் வாக்குமூலத்தைப் பிரதி எடுக்க டுசல்டோர்ப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் யப்பானியர் கடைகள் நிறைய. ஒரு கடைக் கண்ணாடியைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். விறகுக்கட்டை போல ஒரு மீன். பக்கத்தில் மரப்பெட்டி, அதன் மேலே சாட்சாத் சீவுளி அலகு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது உண்மையென்றால் பழத்துக்கு நாடா? தானாகச் சுடும் கோப்பி? அதுவும் உண்மையோ?

மீன்சீவல் பைக்கற் ஒன்றை வாங்கிக்கொண்டு விடுதிக்கு ஓடினேன். அண்ணை சுடுசோற்றில் ஒரு பிடி தூவினார். அது நெளிந்தது. சிவா கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். குசினி முழுக்க மாசி வாசம்.

"இப்ப எழுதுவியோ?" என்றார் அண்ணை.

அன்றே யப்பான் முழுவதையும் திருப்பி எழுதினேன். விசாரணையில் அண்ணை நிறுத்தாமல் பேசினாராம். சீவுளி வந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் பேனாவை வைத்துவிட்டு, "அண்ணை, மீனையோ, பலகையையோ?" என்று மூன்று தரம் கேட்டாராம்.

ஏழு மாதத்தில் கடிதம் வந்தது. இங்கேயே இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினோம். அவர் என்னிடம் கடிதத்தை நீட்டினார்.

"இதில என்னைப் பற்றி என்ன போட்டிருக்கு?"

"உங்கட கடல் பயண விபரங்கள் நம்பத்தக்கவை எண்டு போட்டிருக்கு."

"அந்தச் சொல்லை மட்டும் இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். அரசாங்கத்தை முந்திக்கொண்டு நான் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. அவர் போதும் என்னும் வரைக்கும் வாசித்துக்கொண்டே இருந்தேன்.