எட்டாம் வகுப்பின் திரையும் ஆசிரியர் அறையின் காபியும்

வாழ்க தெசாங்கா! மொராவா பாயும் செர்பிய நன்னாட்டில் தாய்மொழி கற்பிக்கும் தகைசால் நங்கை. நான்காண்டு மனுப்போர் புரிந்து, அசையும் படமெனும் அருங்கலையை எட்டாம் வகுப்புப் பாடத்திட்டத்துள் வாரம் ஒரு மணி நேரம் குடியேற்றிய கோமகள்! அவள் சமர் பாடப் புகுந்தோம். மின்சாரமே, நீ துணை நில்.

அமைச்சகம் முத்திரை பதித்த சுற்றறிக்கை பதினொன்றும், புரொஜெக்டர் ஒன்றும் அனுப்பியருளியது. அதன் வயரோ ஒரு முழம். சுவரின் பிளக்கோ வகுப்பின் மறுகோடியில். அனுப்பிய அறிவுக்கடல்கள் அளந்தா பார்த்தார்கள்? பள்ளி முழுமைக்கும் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றே. அதுவும் ஆசிரியர் அறையில், காபி கொதிக்கும் மின்னடுப்புக்கு மின்சாரம் ஊட்டியபடி அதன் காலடியில் புதையல் காக்கும் நாகமெனச் சுருண்டு கிடந்தது.

அன்று ஆய்வாளர் வரும் நாள். படம் ஓடுவதை அவர் பார்த்தால் பாடம் பிழைக்கும். இல்லையேல் அடுத்த ஆண்டே அதைப் பாடத்திட்டத்திலிருந்து அடித்துவிடுவார்கள். முப்பது பிள்ளைகள் ஜன்னலெங்கும் பழைய பேப்பர் ஒட்டி, வகுப்பை இருட்டாக்கிக் காத்திருந்தனர். தெசாங்கா வாளின்றி வேலின்றி ஆசிரியர் அறை புகுந்தாள்.

அடுப்பைக் காத்து நின்றாள் கணக்காசிரியை ராதோய்கா, பின்னப் பெருக்கலில் பேரூர்களை நடுங்கவைத்தவள். "நாலு வருஷம் பொறுத்தீங்க, நாலு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா டீச்சர்? காபி பொங்கட்டும்" என்றாள். தெசாங்கா பொறுத்திலள். களிறு கவளம் பறித்தாற்போல் வயரைப் பறித்தாள், அடுப்பு அணைந்தது, பொங்க வந்த நுரை வெட்கி உள்ளே அமிழ்ந்தது. வெற்றி, வெற்றி என அவள் நெஞ்சம் முரசறைந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தார் ஆய்வாளர்.

"ஐயா பெல்கிரேடுலேருந்து மூணு மணி நேரம் பஸ்ல வந்திருக்காரு" என்றாள் ராதோய்கா, தேன் வழிய. "காபி இல்லேன்னு நீங்களே சொல்லிடுங்க டீச்சர்."

வீட்டுக்கு வந்த பகைவனுக்கே காபி இல்லையென்று சொல்லாத மண் அது. அமைச்சகத்தை வென்ற அதே கைகள், அடுப்பைத் தாமே மறுபடி அந்த வயரில் செருகின. அவளுக்கு அவமானமாக இருந்தது.

"ஒரு வாய் போதும்மா" என்றார் ஆய்வாளர். ஒரு வாய் இரண்டு கோப்பையானது, வழியின் பனியும் அவர் மகளின் திருமணமும் ஆறஅமரப் பேசப்பட்டன, பாடவேளை முடியும் மணி அடித்தது. பெருந்தகை பதிவேட்டை விரித்து, திரைப்படக் கல்வி செவ்வனே நடைபெறுகிறது என்று எழுதி, முத்திரை குத்தி, பஸ் பிடிக்க விரைந்தார்.

தெசாங்கா வகுப்புக்குப் போய், பேப்பரையெல்லாம் கிழித்துவிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.