பாக்தாத்தைப் பிடித்த காமாட்சி

கஜா பேராங், மலாக்கா
19.5.1957

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை கலியாணசுந்தரம் அவர்களுக்கு, மைத்துனன் மாணிக்கவாசகம் எழுதுவது. பொய்யாத விநாயகர் புண்ணியத்தில், என் வீட்டுக்காரி சாரதாம்பாளின் மூட்டுவலியைத் தவிர இங்கு யாவரும் நலம். தோட்டத்தில் நீங்களும் என் தங்கை சந்திரமதியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அந்தத் தும்பிக்கையானையே கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் உருவாக்கி அனுப்பிய ஆட்டம் வந்து சேர்ந்தது. துணியில் ஆசியாக் கண்டத்தை வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, மங்கோலியக் குதிரைப்படைக்குச் சிவப்பு மஞ்சாடி விதையும் மற்ற ராஜாக்களுக்குப் புளியங்கொட்டையும் வைத்திருப்பது அழகோ அழகு. “மங்கோலியப் படையெடுப்பு சரியாக நடக்கிறதா என்று ஆடிப் பார்த்து எழுதுங்கள். நன்றாக இருந்தால் உடனே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சிங்கப்பூர் அச்சகத்துக்குப் போகிறேன், மலாயாவுக்குச் சுதந்திரம் வரும்போது வீட்டுக்கு வீடு பெட்டி விற்கலாம்” என்றீர்கள். சந்திரமதியோ போன மாதம் இங்கே வந்தபோது, “அண்ணே, வேலை போனா குவார்ட்டர்ஸ் வீடும் போயிடும். ஆட்டம் நல்லா இல்லேன்னு எழுதிடுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்படியே எழுதுவதாகத்தான் இருந்தேன், ஏனென்றால் நிஜமாகவே நன்றாக இல்லை. ஒரு தடவைக்கு ஒரு விதை, ஒரு கட்டம் என்பது உங்கள் சட்டம். மங்கோலியர் பாலைவனத்தைத் தாண்டுவதற்குள் நானும் சாரதாம்பாளும் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டோம்.

நேற்று சாயங்காலம் பரம்பரையாக இங்கேயே வாழும் செட்டிமார் கிராமமான பக்கத்துக் கம்போங் செட்டியிலிருந்து காமாட்சி வந்தாள். நம் சாமியைக் கும்பிடுகிறவள், நம் பெயரை வைத்திருப்பவள், ஆனால் அந்தக் கம்போங்காரர்கள் பேசுவதெல்லாம் மலாய்தான். நீங்கள் தமிழில் எழுதிய சட்டத்தை அவள் எங்கே படிப்பாள்? கட்டத்தையும் விதையையும் பார்த்ததும் சொங்காக் என்று நினைத்துவிட்டாள், அதாவது நம்ம பல்லாங்குழி. சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு மங்கோலியர் பக்கம் உட்கார்ந்தாள். பீக்கிங்கைக் காட்டி, “இதுதானே என் வீடு?” என்று மலாயில் கேட்டாள். ஏதோ தலையாட்டி வைத்தேன். உடனே ஒரு கட்டத்து விதை முழுவதையும் அள்ளி, கட்டத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். கடைசி விதை விழுந்த கட்டத்தில் என்ன இருந்ததோ அதை என் புளியங்கொட்டையோடு சேர்த்து அள்ளி, மறுபடியும் போட்டுக்கொண்டே போனாள். “ஒரு தடவைக்கு ஒரு குதிரைதாம்மா” என்று கெஞ்சினேன். “இவ்வளவு வயசாகியும் சொங்காக் ஆடத் தெரியாதா?” என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.

மாப்பிள்ளை, என்னத்தைச் சொல்ல! சாமர்கண்ட் போச்சு. பாரசீகம் போச்சு. நான் பாக்தாத்தில் புளியங்கொட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, “இங்கே எப்படி வருவே?” என்று உட்கார்ந்திருந்தேன். அவள் கை வடக்கே போனது, நானும் அப்பாடா என்றேன். போன கை ருஷியாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தது. விதை விழும் டக் டக் சத்தம் குளம்புச் சத்தமாகவே என் காதில் விழுந்தது. பாக்தாத் எங்கே இருக்கிறதென்றே தெரியாத சாரதாம்பாள், “ஐயோ, அங்க பொம்பளைங்க புள்ளைங்க இருப்பாங்களே!” என்று அலறினாள். பள்ளிக்கூடத்தில் மங்கோலியரை ஒரே வரியில் படித்து மறந்தவன் நான். பாதி உலகம் எப்படி நடுங்கியிருக்கும் என்று நேற்றுத்தான் தெரிந்தது. “சுடா ஹாபிஸ்” என்றாள் காமாட்சி. முடிந்துவிட்டதாம்!

ஆகவே தங்கை என்னை மன்னிக்கட்டும், பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. காமாட்சி ஆடிய மாதிரியே சட்டத்தை மாற்றுங்கள். ராஜினாமாவைத் துரை மேஜையில் வைத்துவிட்டுச் சிங்கப்பூருக்கு ரயில் ஏறுங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், உங்களுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
மாணிக்கவாசகம்

பி.கு.: தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். ராஜினாமா கொடுக்காதீர்கள்! கொடுத்திருந்தால் துரை காலில் விழுந்தாவது திருப்பி வாங்குங்கள். கம்போங் செட்டி முழுக்க வாசலுக்கு வாசல் கரிக்கட்டையால் ஆசியாக் கண்டத்தை வரைந்து, கிடைத்த கொட்டையை வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். துணி எங்கே கிடைக்கும், பெட்டி எங்கே விற்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இது யார் கண்டுபிடித்த ஆட்டம் என்று விசாரித்துப் பார்த்தேன். காமாட்சி கண்டுபிடித்ததாம்.